முடக்குக் கொப்பி

ஹல்தெணிய தோட்டம், கீழ்ப்பிரிவு,
புளத்கொகுபிட்டிய.
27.04.1997

என் அன்பு அப்பாவுக்கு கஜேந்திரன் எழுதுவது. அம்மா, அக்கா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். ஓமான் வெயிலில் உங்கள் முதுகுவலி எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னார். வெயிலுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா, ஒரு விசயம். கோபப்படாமல் கடைசி வரை வாசியுங்கள். புத்தாண்டு லீவில் நான் நுவரெலியாவுக்குப் போய்விட்டேன். கேகாலையில் கூட்டாளி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னது பொய். முக்தார் நானா கடைக்கு மரக்கறி ஏற்றப் போன லொறியில் நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே மலைப் பாதையில் கார் ரேஸ். கீழே இருந்து ஒவ்வொரு காராக மேலே விடுகிறார்கள். ஒரு சிவப்புக் கார் முடக்கில் திரும்பும்போது பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போய்விட்டது. சரி, ஆள் முடிந்தான் என்று எல்லாரும் கத்தினார்கள். அந்த டிரைவர் அதை அப்படியே பிடித்துத் திருப்பி மேலே கொண்டு போனான் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னடா மகன், கண்ணுல தூசி உழுந்திச்சா?" என்று நானா கேட்டார்.

நான் ரேஸ் கார் டிரைவர் ஆக வேண்டும். எனக்குப் பதினேழு வயது ஆகிறது, ஓ.எல். சோதனையும் எழுதியாச்சு. அக்காவிடம் சொன்னேன். பிள்ளைக்காம்பராவில் அவள் பார்த்துக்கொள்ளும் கைக்குழந்தைகளிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் ரேஸ் ஓடக்கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரே டிரைவர் நீங்கள்தான். என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள்.

உங்கள் மகன்,
கஜேந்திரன்


ஹைமா, ஓமான்.
21.05.1997

அருமை மகன் கஜேந்திரனுக்கு அப்பா ஏழுமலை எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நடமாடுகிறேன். முதுகு இன்னும் என்னோடுதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

கடைசி வரை வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் நீ கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பிரேக் இல்லாத சைக்கிளில் போய் மாட்டுத் தொழுவத்தை இடித்தவனுக்கு ரேஸ் கார் கேட்கிறதா? ரேஸ் ஓடுகிறவர்களுடைய தாத்தாவும் கார் வைத்திருந்தவர். உன் தாத்தா என்ன வைத்திருந்தார், ரப்பர் பால் வெட்டும் கத்தி. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குத் தகப்பன் இல்லை.

சொல்லிவிட்டேன். இனி நீ கேட்டதற்குப் பதில். நீ பிறக்கும் முன் நம் தோட்டத்துப் பெரிய தொரை ஒருவர் ரேஸ் ஓடுவார். அவருக்கு டயர் கழற்றிப் பூட்டியது நான்தான். அவர் தனியாக ஓடுவதில்லை. பக்கத்து சீட்டில் ஒரு ஆள், மடியில் ஒரு கொப்பி. ரேஸுக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்து, ஒவ்வொரு முடக்கையும் அதில் எழுதி வைத்திருப்பார்கள். இடமா வலமா, எவ்வளவு இறுக்கம், எந்த கியர், அடுத்த முடக்குக்கு எத்தனை யார் தூரம். அந்த ஆள் சத்தமாக வாசிக்க வாசிக்க, தொரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டுவார். ஆகவே நீ ஸ்டேரிங்கைத் தொடாதே. முதலில் கொப்பி வாங்கு. தோட்டத்து கேட்டிலிருந்து கரவனெல்ல சந்தி வரை நடந்து எழுது. அதை ஒழுங்காக முடி. பிறகு என்னிடம் கேள், ஆம் இல்லை சொல்கிறேன்.

எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்படா. இங்கே பாதையில் முடக்கே கிடையாது. காலையில் தண்ணி பவுசர் லொறியைக் கிளப்பி ஸ்டேரிங்கைப் பிடித்தால், பகல் சாப்பாடு வரை கையை அசைக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. போன வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கவே, சும்மா கொஞ்சம் ஒடித்துப் பார்த்தேன். பவுசர் மணலில் இறங்கிவிட்டது. மேஸ்திரி தூங்கிவிட்டாயா என்று கேட்டான், ஆமாம் என்றேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். அக்கா சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்பு மறவாத,
அப்பா


ஹல்தெணிய தோட்டம்.
29.06.1997

அன்பு அப்பாவுக்கு, இங்கே மழை. பால் வெட்டு இல்லாமல் அம்மா நாலு நாளாக வீட்டில் இருக்கிறார், அதனால் எங்களுக்குத்தான் சுகமில்லை. மற்றபடி எல்லாரும் நலம்.

முடித்துவிட்டேன்! கேட்டிலிருந்து கரவனெல்ல சந்தி வரை 143 முடக்கு. நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். "ரேஸ்காரர் நடந்து போறாரு, வழி விடுங்கோ" என்று அக்கா லயத்துக்கே கேட்கக் கத்தினாள். பிறகு அவளே செக்கன் முள் உள்ள தன் கைமணிக்கூட்டைக் கழற்றித் தந்தாள். பிரதி முழுவதும் இத்துடன் இருக்கிறது. ஆரம்பம் மட்டும் இங்கே:

கேட், இறக்கம், முப்பது யார்.
இடம், நல்ல இறுக்கம், இரண்டாம் கியர். ஓரத்தில் பலா மரம்.
வலம், லேசு, மூன்று. தார் உடைந்திருக்கிறது.
போக்குப் பாலம், ஒரு வண்டி அகலம். எதிரே வந்தால் நிற்க வேண்டும்.
வலம், மிக இறுக்கம், ஒன்று. கோயில் மணி கேட்கும்.

நாய் துரத்துகிற இடத்தையும் எழுதினேன். அது தேவையா என்று தெரியவில்லை. இரவில் சாப்பிடும்போதும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், அம்மா ரசம் ஊற்றினால் கியர் மாறுகிறது.

அடுத்தது என்ன? கொழும்பில், பஞ்சிகாவத்தையில் முக்தார் நானாவின் மச்சானுக்கு கராஜ் இருக்கிறது. ரேஸ் கார்களும் அங்கே திருத்த வருமாம். என்னை வேலைக்கு எடுப்பதாகச் சொல்கிறார். விடுவீர்களா?

உங்கள் பதிலுக்காக தபால் நேரத்தில் தினமும் ஒபீஸ் வாசலில் நிற்பேன்.

கஜேந்திரன்


ஹைமா.
12.08.1997

என் ராசாவுக்கு, அப்பா சுகம். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை பவுசரில் கண்ணுக்கு நேரே ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் கிளம்பும்போது "கேட், இறக்கம், முப்பது யார்" என்று சத்தமாக வாசிப்பேன். கையில் ஸ்டேரிங் நேராகத்தான் இருக்கும், ஆனால் உடம்பு இடது பக்கம் சாய்ந்துவிடும். பலா மரம் தாண்டி, பாலம் தாண்டி, கரவனெல்ல சந்திக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் இங்கே எண்பது கிலோமீட்டர் போயிருக்கும். சிரிக்காதே. இரண்டரை வருடத்தில் இப்படி ஒரு நாள் எனக்குப் போனதில்லை. நாயை எழுதியது ரொம்பச் சரி. நாய்தான் பிரேக் போட வைக்கும்.

ஆனால் எட்டு இடத்தில் பிழை விட்டிருக்கிறாய். பதினாறு வருடம் அந்தப் பாதையில் லொறி ஓட்டியவனிடம் பிழை விடலாமா? திருத்தத்தைத் தனித் தாளில் என் கையால் எழுதியிருக்கிறேன். கொப்பியிலேயே ஒட்டி வை.

கராஜுக்குப் போ. அம்மாவிடம் நானே தனியாக எழுதுகிறேன். போகிற போக்கில் அடுத்த வேலையையும் செய். கொழும்புப் பாதை. அது பெரிய ரோட்டு, சங்கதியே வேறு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுது. பாலம் எத்தனை, எவ்வளவு நீளம், எங்கே தடுப்பு, எங்கே வண்டி நிற்க வேண்டும், எத்தனை செக்கன் நிற்கிறது, எல்லாம் வேண்டும். எதையும் விடாதே. கொப்பி எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அது முடிந்தால் அப்பாவுடைய அனுமதி உனக்கு உண்டு. இது சத்தியம்.

கடவுள் துணை.

அப்பா


ஹல்தெணிய தோட்டம்.
26.10.1997

அன்பு அப்பாவுக்கு, மூவரும் சுகம். நாளை விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன்.

குண்டு வெடித்ததிலிருந்து அங்கே ஒரே கெடுபிடி என்கிறார்கள். "தைப்பொங்கல் கழிச்சுப் போயேன்டா" என்று அம்மா பின்னாலேயே திரிகிறார். ஐடென்டி கார்ட் இருக்கிறது, கராஜ் முதலாளியின் கடிதம் இருக்கிறது, சிங்களம் தண்ணி பட்ட பாடு. எனக்கு என்ன பயம்? புதுக் கொப்பி வாங்கிவிட்டேன். உங்கள் திருத்தத் தாளை முதல் பக்கத்தில் ஒட்டியாச்சு.

முடித்தால் அனுமதி என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். பிறகு பேச்சு மாறக்கூடாது. போய்ச் சேர்ந்து எழுதுகிறேன்.

கஜேந்திரன்


ஹைமா.
04.12.1997

அருமை மகனுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா?

போய்ச் சேர்ந்து எழுதுகிறேன் என்றவன் எங்கே போய்ச் சேர்ந்தாய்? கராஜில் கிரீஸ் பிடித்த கையோடு பேனா பிடிக்க மாட்டாயோ? தோட்டத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், குடும்பப் படம் ஒன்றும் கேட்டேன். வீட்டிலிருந்தும் பதில் இல்லை. இங்கே தபால் வாரம் ஒரு தரம்தான் வரும். வரும் நாளில் மலையாளிகள் எல்லாம் கடிதத்தோடு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். நான் சோற்றைக் கொஞ்சம் கூடுதலாக வடித்து வேலை இருக்கிற மாதிரிக் காட்டிக்கொள்வேன்.

ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும். கொழும்புப் பாதையை நேரிலேயே வாசித்துக் காட்டு.

ஒரு வரி போதும் தம்பி.

அப்பா


புளத்கொகுபிட்டிய.
18.01.1998

அன்புள்ள அப்பாவுக்கு சுதர்ஷினி பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். அப்பா, இனிமேல் தோட்டத்து விலாசத்துக்கு எழுத வேண்டாம். ஒபீஸில் கடிதங்கள் தவறிப்போகின்றன. முக்தார் நானா கடை விலாசத்துக்கு, அவர் மகள் ஸாஹிராவின் பெயரில் போடுங்கள். கடித உறைக்கு வெளியில் உங்கள் பெயர் எழுத வேண்டாம்.

ஏப்ரலில் வர வேண்டாம் அப்பா. லயத்துக் கூரைத் தகரம் மாற்றுகிறார்கள். நாங்களே பக்கத்து வீட்டில் ஒண்டியிருக்கிறோம். உங்களுக்குப் படுக்க இடம் இருக்காது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

தம்பி கராஜில் இருக்கிறான். வந்தபோது சொல்லச் சொல்ல நான் எழுதியது இது: "அப்பா, எனக்கு வேலை அதிகம். நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ரேஸ் எண்ணத்தை விட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

நீங்கள் கேட்ட குடும்பப் படம் பிறகு எடுத்து அனுப்புகிறோம்.

மகள்,
சுதர்ஷினி


ஹைமா.
22.02.1998

மகள் சுதர்ஷினிக்கு. சுகம் எழுதுவதை இன்று விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான் என்று கஜேந்திரன் சொன்னானா? எந்தக் கஜேந்திரன்? பதினேழு வருடத்தில் நான் சொன்ன ஒன்றையாவது அவன் சரி என்றிருக்கிறானா? வானம் நீலம் என்று நான் சொன்னால், மேகம் இருக்கே என்பான். உன் அம்மா வயிற்றில் பிறந்த பிள்ளை நீ. உனக்குப் பொய் எழுத வராது. ஏன் முயற்சி செய்தாய்?

போன வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் பயணம் செய்து டவுனுக்குப் போய் நானா கடைக்குப் போன் எடுத்தேன். "எல்லாரும் சொகமா ஈக்கிறாங்க" என்றார். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று தரம் சொன்னார். பிறகு லைன் கட்டாகிவிட்டது. கட்டானதா, வைத்தாரா தெரியவில்லை.

எனக்குப் படுக்க இடம் இல்லை என்கிறாய். மணலில் படுத்து எழும்புகிறவனுக்கு உங்கள் அடுப்படியில் இடம் இல்லையா? அம்மா ஏன் ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை? நான் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லையா? யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் வண்டி எடுத்தானா? அடிபட்டானா? என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா? ஆம், இல்லை, ஒரே ஒரு சொல் எழுது.

ஏப்ரல் ஒன்பதுக்கு டிக்கட் போட்டாச்சு. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் வருவேன்.

அப்பா


புளத்கொகுபிட்டிய.
15.03.1998

ஆம் அப்பா. உயிரோடு இருக்கிறான்.

அதை முதலில் எழுத வேண்டியிருந்தது. நாங்களும் இருக்கிறோம். நீங்கள் சுகமா? இதைத் தபாலில் போடப் பயம். முக்தார் நானாவின் மருமகன் பயாஸ் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகிறார், அவர் கையில் கொடுக்கிறேன்.

தம்பி கராஜுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒக்டோபர் 27, கொழும்புக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். கார்ட் சரி. முதலாளி கடிதம் சரி. சட்டைப்பையில் கொப்பி. அதில் பாலங்களின் நீளம், தடுப்பு இருக்கும் இடம், அந்தச் சாவடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், பஸ் எத்தனை செக்கன் நின்றது, எல்லாம் தமிழில். ரேஸுக்கு என்று சிங்களத்தில் சொன்னானாம். "எந்த ரேஸுக்குடா சென்ட்ரியை எண்ணினாய்?" என்று சிரித்தார்களாம். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா அப்பா? நீங்கள் போனது தொண்ணூற்றைந்து பெப்ரவரியில், சமாதானம் பேசிக்கொண்டிருந்த நேரம். அப்போது கொழும்புக்குப் போனால் ஐஸ் பழம் வாங்கித் தந்து கூட்டி வருவீர்கள். இப்போது இருப்பது வேறு ஊர்.

முதல் பக்கத்தில் உங்கள் திருத்தத் தாள். இது வேறு கை, யார் எழுதியது என்று கேட்டார்கள். அப்பா என்றான். எங்கே என்றார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒருவன் பாதை கேட்டு எழுதுகிறான் என்று ஆகிவிடும் என்று அந்த நிமிடத்தில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டான். ஓமானில், போன மாதம், மாரடைப்பு.

நாலாம் நாள் லோயரோடு போய் அவனைப் பார்த்தது தொழிற்சங்கத்து முத்துவீரன் தலைவர். தோட்டத்துக்கு விசாரிக்க வருவார்கள் என்று தெரிந்ததும் ஓடி வந்து அடுப்படியில் நின்றபடி அம்மாவிடம் சொன்னார். "வெள்ளையம்மா, புள்ள அப்படிச் சொல்லிப்புட்டான். இனி நாம மாத்திச் சொன்னா அவன் தொலைஞ்சான்." அம்மா உலை கொதித்ததும் அரிசியைக் கழுவிப் போட்டார். பிறகு சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். வாசலுக்குப் போய் ஒப்பாரி வைத்தார். அதற்கு அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஓமானிலிருந்து சேதி பிந்தி வந்ததாகச் சொல்லி, பதினாறாம் நாள் உங்களுக்குக் கருமாதி நடத்தினோம் அப்பா. தப்பு அடித்தார்கள். தாலி கழற்றினார்கள். அது ஸாஹிரா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. நாங்கள் மூவர், தலைவர், லோயர், நானா குடும்பம் தவிர இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் நீங்கள் இல்லை. நாலு நாள் கழித்து பொலிஸ் ஜீப் வந்தது. அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அம்மா மாதம் ஒரு தரம் வெள்ளைச் சேலையோடு தடுப்புக்காவலில் அவனைப் பார்க்கப் போகிறார். அவன் மெலிந்திருக்கிறான். உள்ளே அவனைக் கேள்வி கேட்ட விதத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை, நான் எழுதவில்லை.

நீங்கள் ஏப்ரலில் விமான நிலையத்தில் இறங்கினால் அவன் சொன்னது பொய் என்றாகும். பிறகு ரேஸ் என்று சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பெரிய வழக்கு இல்லை, பொறுத்தால் விடுவார்கள் என்று லோயர் சொல்கிறார். வராதீர்கள் அப்பா.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. முன்னமே எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சுதர்ஷினி


மஸ்கட்.
26.03.1998

மகள் சுதர்ஷினிக்கு. பயாஸ் தம்பி ஹைமாவுக்கு அனுப்பாமல் என்னை இங்கே வரவழைத்துக் கடிதத்தைக் கையில் தந்தார். தந்துவிட்டு வெளியே போய்விட்டார். நல்ல பிள்ளை. இந்தப் பதிலையும் அவர் பெயரில்தான் போடுவார்.

என் கருமாதிக்கு யார் யார் வந்தார்கள்? கங்காணி வந்தானா? என் சைக்கிள் பம்பைத் திருப்பித் தராதவன் அவன். தப்பு அடித்தது யார்? உயிரோடு இருந்தபோது எனக்காக யாரும் ஒரு தகரத்தைக்கூடத் தட்டியதில்லை. இப்படித்தான் முதலில் சிரித்தேன் பிள்ளை. பிறகு முடியவில்லை.

கோபப்படு. நன்றாகக் கோபப்படு. கொப்பி எழுது என்று சொன்னது ஏன் தெரியுமா? நடந்து நடந்து கால் ஓய்ந்தால் வண்டி ஆசை ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். அது முதல் தரம். இரண்டாம் தரம் அவனுக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னேன். கரவனெல்ல வரை வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பாதை வேண்டியிருந்தது, இந்தப் பாலைவனத்தில் எனக்குப் பொழுது போக. அதற்கு என் பிள்ளையை அனுப்பினேன். எதையும் விடாதே என்று நான்தான் சொன்னேன், எத்தனை செக்கன் என்று நான்தான் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான். ஓடி வந்து, இது என் கைடா, என்னைப் பிடிங்கடா என்று கத்த வேண்டும் போல இருக்கிறது. அதுவும் அவனுக்குத்தான் கெடுதல் என்கிறாய். தகப்பனாக நான் செய்யக்கூடியது செத்தவனாக இருப்பது ஒன்றுதான் என்றால், இருக்கிறேன்.

டிக்கட்டை ரத்துச் செய்தாச்சு. ஏன் லீவு வேண்டாம் என்று மேஸ்திரி கேட்டான். வீட்டில் இடம் இல்லை என்றேன்.

இனி நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. ஒரு கடிதம் பிடிபட்டால் போதும். அவன் வெளியே வரும் நாளில் பயாஸ் விலாசத்துக்கு ஒரு வரி போடு.

அம்மாவிடம் ஒன்று சொல். பால் வெட்டப் போகும்போதும் அவனைப் பார்க்கப் போகும்போதும் வெறும் நெற்றியோடு போகட்டும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாவது பொட்டு வைத்துக்கொள்ளட்டும். நான் இருக்கிறேன் என்று ஒருத்திக்காவது தெரிய வேண்டும்.

பெயர் போடவில்லை.


ஹல்தெணிய தோட்டம், கீழ்ப்பிரிவு,
புளத்கொகுபிட்டிய.
07.03.1999

அப்பா,

நான் கஜேந்திரன். இது என் கை, அக்கா எழுதவில்லை. பெப்ரவரி 26ஆம் தேதி விட்டுவிட்டார்கள். குற்றம் எதுவும் இல்லையாம். பதினாறு மாதத்துக்குப் பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போ என்றார்கள். சோறு சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காய்ச்சல் இல்லை. நீங்கள் சுகமா?

உங்களைச் சாகடித்ததற்கு என்னை மன்னியுங்கள். உள்ளே திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். எப்படிச் செத்தார், எந்த நாள், யார் சொன்னது. ஒவ்வொரு தரமும் அச்சு மாறாமல் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். மாரடைப்பு, வெள்ளிக்கிழமை, பவுசருக்குள்ளே, பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மா வெள்ளைச் சேலையோடு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார். பக்கத்தில் காவல் இருப்பதால் உங்களைப் பற்றி எதுவும் பேச முடியாது. உங்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. போன ஆடி மாதம் ஒரு நாள் உண்மையாகவே நம்பிவிட்டேன் அப்பா. அன்று முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள், அப்பா என்றேன். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்து அக்கா உங்கள் கடைசிக் கடிதத்தைக் காட்டினாள். அதிலும் பெயர் இல்லை. எழுத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

கார் ஆசை என்ன ஆனது என்று நினைப்பீர்கள். நானா தன் வேனை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சாவியைப் போட்டேன், கிளப்பினேன், கேட் வரை நன்றாகத்தான் போனேன். முதல் முடக்கில் வாய் தானாகச் செக்கனை எண்ணத் தொடங்கியது. வேனை நிறுத்திவிட்டு இறங்கினேன். நானாதான் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார். வேறு யாருக்கும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்தால் ஓட்டுவேனோ என்னவோ.

வரலாம் அப்பா. வழக்கு முடிந்துவிட்டது, அப்பா வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்று லோயர் சொல்கிறார். தோட்டத்தில் முத்துவீரன் தலைவர் பார்த்துக்கொள்வார். கங்காணி பயந்து காய்ச்சலில் படுத்தாலும் படுப்பார்.

கதவைச் சாத்திக்கொண்டு பொட்டு வைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்களே, அம்மா ஒரு நாள்கூட வைக்கவில்லையாம். "புருசன் இருக்கிறவ திருட்டுத்தனமா பொட்டு வைப்பாளா?" என்று அக்காவைத் திட்டினாராம். இப்போதும் வெறும் நெற்றியோடுதான் இருக்கிறார். பக்கத்தில் நின்று இந்தக் கடிதத்தைப் பார்க்கிறார், வாசிக்கத் தெரியாது. அவர் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன்.

"இருட்டுன பொறகு வந்து எறங்க வேணாம்னு சொல்லு. பகல்ல வரச் சொல்லு. காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்து வழியா, எல்லாரும் பாக்க நடந்து வரச் சொல்லு. நான் அழிச்சத இந்தத் தோட்டமே பாத்துச்சு. அவரு வச்சு விடுறதையும் பாக்கட்டும்."

உங்கள் மகன்,
கஜேந்திரன்